“உங்கட பங்கு எவ்வளவு?”: வன்னியில் வீட்டுக்குச் சேமிக்கும் நான்கு கணக்குகள்

கடந்த மாதம் கிளிநொச்சியிலுள்ள வங்கியொன்றுக்கு வீட்டுக்கடன் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். கடன் பிரிவில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். சம்பளச் சிட்டையைப் பார்த்தார். வயதைக் கேட்டார். பிறகு, “ரீச்சர், இதில உங்கட பங்கு எவ்வளவு?” என்றார்.

வங்கி முழுச் செலவையும் தராது. மதிப்பீட்டில் நான்கில் ஒரு பங்கை நான் போடவேண்டும், மிச்சத்துக்குத்தான் கடன். எங்கள் ஊர் மேசன் எழுதித் தந்த கணக்கு என் கையில் இருந்தது. 600 சதுர அடி, இரண்டு அறை, விறாந்தை, குசினி, மலசலகூடம்: 48 இலட்சம் ரூபாய். ஆகவே என் பங்கு 12 இலட்சம்.

வீடு திரும்பியதும் ஒரு கொப்பியை எடுத்து இந்த 12 இலட்சத்தை எங்கள் ஒழுங்கையில் இருக்கிற நான்கு பேரின் வருமானத்தால் வகுத்துப் பார்த்தேன். வந்த விடைகள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

ஒரே ஒழுங்கை, நான்கு வருமானம்

முதற் கணக்கு என்னுடையது. அரச பாடசாலை ஆசிரியை. பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது 65,000 ரூபாய். அம்மாவின் மருந்து, மகனின் ரியூசன், மோட்டார் சைக்கிள் பெற்றோல், சாப்பாடு எல்லாம் போக இறுக்கிப் பிடித்தால் மாதம் 15,000 மிச்சம் பிடிக்கலாம். 12 இலட்சம் சேர 80 மாதங்கள், அதாவது ஆறு வருடமும் எட்டு மாதமும். வீட்டுச் செலவு ஆண்டுக்கு ஐந்து வீதம் ஏறினாலே அதற்குள் என் பங்கு 16 இலட்சத்தைத் தாண்டிவிடும்.

பங்கைச் சேர்த்துவிட்டாலும் கதை முடியாது. மிச்சம் 36 இலட்சத்தை 12 வீத வட்டிக்கு 20 வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 39,600 ரூபாய். என் சம்பளத்தில் அறுபது வீதம் அது. மொத்தமாகக் கட்டி முடிப்பது 95 இலட்சம். ஒரு சம்பளத்தை மட்டும் நம்பி அந்தத் தொகையை எனக்குத் தரமாட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு அரசச் சம்பளம் வந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

இரண்டாவது கணக்கு என் தங்கச்சியினுடையது. ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை. தேசியக் குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மேலதிக நேரமும் வரவுக் கொடுப்பனவும் சேர்ந்தால் அவளுக்குக் கையில் 42,000 வரை வரும். சேமிப்பது 5,000. அந்த வேகத்தில் 12 இலட்சத்துக்கு 20 வருடங்கள். இப்போது அவளுக்கு 26 வயது.

ஆனால் அவளுடைய கணக்கில் அவளே கவனிக்காத ஒரு காசு இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு அவளது சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் மாதாமாதம் போகிறது. 30,000 ரூபாய்க்கு அது 6,000 ரூபாய். பத்து வருடத்தில், வட்டியைச் சேர்க்காமலே, 7 இலட்சத்து 20 ஆயிரம். பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்சம் மீதியும் இருந்தால் வீட்டுத் தேவைக்கு அதில் 30 வீதத்தை, 20 இலட்சம் என்ற உச்சவரம்புக்குள், முன்கூட்டியே எடுக்கலாம். அந்த மீதியைப் பிணையாகக் காட்டி வீட்டுக்கடன் கேட்கவும் வழி உண்டு. இதை யாரும் இந்தப் பிள்ளைகளுக்கு உட்காரவைத்துச் சொல்வதில்லை. கலியாணத்தோடு வேலையை விட்டு, நிதியை மொத்தமாக எடுத்து, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துவிட்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மூன்றாவது கணக்கு பக்கத்து வளவு அக்காவினுடையது. கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை. அஸ்வெசும கொடுப்பனவாக மாதம் 10,000 ரூபாய். அதோடு கோழி முட்டையும் மிளகாய்த்தூளும் விற்று வருகிற காசு. அவர் ஒரு சீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறார். ஆயிரம் ரூபாயால் 12 இலட்சத்தை வகுத்தேன். 1,200 மாதங்கள். நூறு வருடம். அந்த விடையை அவரிடம் சொல்லவில்லை.

நான்காவது கணக்கு ஸ்காபறோவில் இருக்கிற அண்ணாவினுடையது. கனேடிய டொலர் இருநூறு ரூபாய்க்கு மேல் போகிற காலத்தில் 12 இலட்சம் என்பது ஆறாயிரம் டொலருக்குள் அடங்கிவிடும். ஆறாயிரம் டொலர்தானே, அண்ணாவிடம் கேட்கலாமே என்று ஊரில் சொல்வார்கள். அண்ணாவும் அங்கே வாடகை வீட்டில்தான் இருக்கிறார். கனடாவில் வீட்டு விலையில் முதல் ஐந்து இலட்சம் டொலருக்கு 5 வீதமும் அதற்கு மேல் 15 இலட்சம் வரையான பகுதிக்கு 10 வீதமும் குறைந்தபட்ச முற்பணம். ஒன்பது இலட்சம் டொலர் வீடொன்றுக்கு 65,000 டொலர் வைக்கவேண்டும். எங்கள் காசில் ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கு மேல். மேசனின் கணக்கில் இரண்டு வீடு கட்டி மிச்சமும் இருக்கும். அம்மாவுக்கு மாதம் அனுப்புகிற காசை அவர் அந்த 65,000இல் இருந்துதான் கழித்து அனுப்புகிறார். வெளிநாட்டுக் காசு என்று நாங்கள் சொல்வது பல வேளைகளில் இன்னொருவர் தள்ளிப்போட்ட வீடு.

காசு இருந்தாலும் காணி?

அந்தத் தம்பியின் அடுத்த கேள்வி: “காணிக்கு உறுதி இருக்கோ?”

எங்களுடையது அனுமதிப்பத்திரக் காணி. வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பத்திரம்தான். அதில் குடியிருக்கலாம், பயிர் செய்யலாம். நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. தனியார் வங்கிகள் பொதுவாக அதை ஏற்பதில்லை. அரச வங்கிக்குப் போனாலும் பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். எங்கள் பத்திரம் இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அப்பா முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து இறந்தவர். பின்னுரித்தாளராக யாரையும் அவர் பதிந்திருக்கவில்லை. பின்னுரிமையில் ஆண் பிள்ளைக்கு முன்னிடம் கொடுத்த பழைய ஏற்பாடு 2022இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை எங்கள் வளவுக்கு முதல் உரிமை ஸ்காபறோவில் இருக்கிற அண்ணாவுக்குத்தான் என்று ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் சிக்கல் வேறு. அவருக்குச் சீதனமாக வந்த மூன்று பரப்புக் காணி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. உறுதி அவருடைய பெயரில்தான். அதில் ஒரு பரப்பை விற்றாலே வீட்டு வேலையைத் தொடங்கலாம். ஆனால் தேசவழமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் சம்மதம் வேண்டும். கணவர் எங்கே? நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், அதற்குச் சட்டத்தரணிச் செலவு. மரணச் சான்றிதழ் எடுத்தால் கையெழுத்துப் பிரச்சினை உடனே தீரும். அக்கா எடுக்கமாட்டார். 2016 முதல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். “அவர் இல்லை எண்டு எழுதின ஒரு கடுதாசியையும் நான் வாங்கமாட்டன்” என்றார். அவரைப் பொறுத்தவரை இது காணி விடயம் அல்ல. சட்டமோ அதைக் காணி விடயமாகவே பார்க்கிறது.

சேமித்தவர்களுக்கு நடந்தது

இவ்வளவு தடைகளுக்குள்ளும் சேமித்தவர்கள் இருந்தார்கள். 2021 நடுப்பகுதியில் ஒரு பை சீமெந்து ஆயிரம் ரூபாய் அளவில் விற்றது. அப்போது வங்கியில் ஐந்து இலட்சம் வைத்திருந்தவரிடம் ஏறக்குறைய 500 பை சீமெந்துக்கான காசு இருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. ரூபாய் விழுந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தை எட்டியது. சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியது. அதே ஐந்து இலட்சத்துக்கு இப்போது 170 பையளவுதான். வைப்பு வட்டியோ அதுவரை ஒற்றை இலக்கத்தில் இருந்தது. பிறகு விலை குறைந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

நகையாக வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். 2013இல் எங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. மானியம் ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டங்கட்டமாகத் தருவார்கள். ஒரு கட்ட வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. கூரைக் கட்டத்தில் காசு போதாமல் அம்மா தன் ஐந்து பவுண் சங்கிலியை விற்றார். கிடைத்தது இரண்டு இலட்சத்துச் சொச்சம். 2025இல் ஒரு பவுண் மூன்று இலட்சத்தைக் கடந்துவிட்டது. அந்தச் சங்கிலி இன்று இருந்திருந்தால் வங்கி கேட்கிற என் பங்கு முழுவதும் அதற்குள் அடங்கும். அம்மாவைக் குறை சொல்லவில்லை. தறப்பாளுக்குக் கீழே மூன்று மாரியைக் கழித்தவருக்குக் கூரையைவிடப் பெரிய முதலீடு வேறு என்ன?

நகை இல்லாதவர்கள் அத்திவாரத்தை நுண்கடனில் போட்டார்கள். வாராவாரம் வாசலுக்கு வருகிற அந்தக் கடனின் வட்டி எவ்வளவு என்று பலருக்கு இன்றும் தெரியாது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைகளை அரசு பொறுப்பேற்கவும், வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு வைக்கவும் வேண்டிய நிலை வந்தது. 35 வீதம் என்பது உச்சவரம்பு என்றால் அதற்கு முன்னர் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பட்டியலில் இல்லாத தலைமுறை

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வீடு என்பதை அரசும் நாங்களும் ஒரு பட்டியலாகவே பார்த்தோம். இந்திய உதவியில் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும். 2016இல் 65,000 உருக்கு வீடுகள் என்ற பேச்சு வந்தது. ஒன்றுக்கு 21 இலட்சம் ரூபாயளவு விலை சொல்லப்பட்டது, கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பிறகு மாதிரிக் கிராமங்கள் வந்தன. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் அந்தக் கொடுப்பனவுகள் நின்றன. இருந்த கொட்டிலையும் பிரித்துவிட்டு, முதல் தவணைக் காசில் சுவரை எழுப்பியவர்கள் கூரையில்லாத சுவருக்குப் பக்கத்தில் மறுபடி கொட்டில் போட்டார்கள்.

இந்தப் பட்டியல்கள் எல்லாம் போரில் வீட்டை இழந்த குடும்பத்தைக் கணக்கெடுத்தன. 2009இல் ஏழு வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று கலியாண வயது. அவளுக்கு ஒரு வீடு வேண்டும். எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை, ஏனென்றால் அவளது தாய்க்கு ஏற்கனவே வீடு கொடுத்தாயிற்று. பெற்றோரிடம் சீதனமாகக் கொடுக்க வீடும் இல்லை, விற்க நகையும் இல்லை. போருக்கு முன்னர் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்த முற்பணம் அதுதான். அது முள்ளிவாய்க்கால் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

ஆகவே இனி வேண்டியது இன்னொரு பட்டியல் மட்டுமல்ல. அனுமதிப்பத்திரங்களின் பெயர்மாற்றத்தைப் பிரதேச செயலகங்கள் நடமாடும் சேவை வைத்துச் செய்து முடிக்கலாம். பாதியில் நிற்கிற மாதிரிக் கிராம வீடுகளுக்கு மிச்சத் தவணையை இன்றைய சீமெந்து விலையில் கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும். தங்கச்சி போன்றவர்கள் மாதம் ஐயாயிரம் சேமித்தால் அதற்கு ஈடாக அரசோ புலம்பெயர் அமைப்புகளோ ஒரு பங்கைச் சேர்க்கும் திட்டத்தை, ஊரில் ஏற்கனவே இருக்கிற சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் தொடங்கலாம். அவள் ஐயாயிரம் போட இன்னொரு ஐயாயிரம் சேர்ந்தால் இருபது வருடம் பத்தாகும். அக்காவுக்கு இது எதுவும் போதாது. அவர் போன்றவர்களுக்கு முழு மானியம்தான் வழி, அவர்களிடம் பங்கு கேட்பது நியாயமில்லை.

நாங்கள் எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவையும் உண்டு. முழு வீட்டுக்கும் அத்திவாரம் போட்டுவிட்டு நிற்காமல், ஒரு அறையும் குசினியும் கூரையோடு முடித்துக் குடிபுகலாம். காணி வாங்குவதானால் முற்பணம் கொடுக்க முன்னர் காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்க்கலாம். கலியாணச் செலவுக்காகச் சேமலாப நிதியை உடைக்காமல் இருக்கலாம்.

வங்கிக்கு நான் திரும்பப் போகவில்லை. வருகிற புதன்கிழமை அம்மாவையும் அப்பாவின் மரணச் சான்றிதழையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகிறேன், பத்திரத்தை மாற்ற. தங்கச்சி தன் சேமலாப நிதி மீதி எவ்வளவு என்று தொழிற்சாலை அலுவலகத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாள். அக்காவின் சீட்டு இன்னும் நான்கு மாதத்தில் விழும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். இந்த மாரிக்கு முன்னர் கூரைச் சீற் இரண்டு மாற்றவேண்டுமாம்.