மனுவின் நடையும் மேலாண்மைக் கல்லூரிக் கட்டுரையும்

செங்கற்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாளுக்கு வருகின்ற ஜனங்களின் கையிலுள்ள மனுக்களைப் படித்துப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றவர்களுக்கு, அவற்றை எழுதியவர் யாராயினும், குறை எதுவாயினும், உரைநடை மட்டும் ஒன்றாகவே இருப்பது புலப்படாமற் போகாது. 'நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்' என்று தொடங்கி, குடும்பத்தின் கஷ்டத்தை வரிசைப்படுத்தி, 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று கைகூப்பி முடிகின்ற அந்நடையில், மனுதாரருக்கு நேர்ந்தவையெல்லாம் இருக்கும். அவர் செய்தது ஒன்றேனும் இராது. மனுவுக்கு அது பொருத்தமே. முதியோர் உதவித்தொகை கேட்கும் மூதாட்டியிடம், தாயே, நீ எடுத்த முடிவுகள் எவை என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தன்னைப் பற்றித் தானே எழுதுவதற்கு நம் பள்ளிக்கூடங்கள் கற்றுக்கொடுத்திருக்கும் நடை, விடுப்புக் கடிதம் தொடங்கி நூலகம் வேண்டி ஆணையருக்கு எழுதும் கடிதம் வரையில், பெரும்பாலும் இந்த ஒன்றுதான் என்பதே என் கவலைக்குக் காரணம்.

கவலை ஏன் இப்போது என்று கேட்கலாம். கோவளத்திலிருந்து திருவிடந்தை, நெம்மேலி வழியாக மாமல்லபுரம் வரையிலுள்ள கரையோரக் கிராமங்களின் பிள்ளைகள் பலர், பொறியியல் படித்துச் சிறுசேரியில் இரண்டு மூன்று ஆண்டு வேலையும் பார்த்த பின், மேலாண்மைப் படிப்பின் மீது ஆசை கொள்வது இன்று சாதாரணமாகிவிட்டது. மாமல்லபுரத்தைத் தாண்டி மணமை கிராமத்தில், புதுக்கோட்டையில் பிறந்து அமெரிக்காவின் கெலாக் கல்லூரியில் கணக்கியல் பேராசிரியராகப் புகழ்பெற்ற பால பாலச்சந்திரன் 2004-இல் ஸ்தாபித்த கிரேட் லேக்ஸ் கழகம், அந்த ஆசையைக் கண்ணெதிரே கட்டடமாக நிறுத்தியிருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் 'கர்ம யோகம்' என்ற பாடத்தின் பெயரால் சுற்றுப்புறக் கிராமங்களுக்குள் வந்து போவதனால், அந்தப் படிப்பு ஏதோ தேசாந்தரத்துச் சமாசாரம் என்ற எண்ணமும் இங்கே குறைந்துவிட்டது. சிலர் கடல் கடந்தும் விண்ணப்பிக்கிறார்கள். அங்கேதான் கட்டுரை என்னும் தடை வருகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி, நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஒற்றைக் கட்டுரையை 2024-இல் கைவிட்டு, வியாபார நோக்கு, தலைமை, வளர்ச்சி ஆகிய மூன்றைப் பற்றியும் முறையே 300, 250, 250 சொற்களுக்குள் எழுதச் சொல்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது, உமக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது எது, ஏன் என்ற கேள்வி. பார்வைக்குச் சுலபமான இக்கேள்விகளுக்கு முன்னால், நுழைவுத் தேர்வில் அபாரமான மதிப்பெண் வாங்கிய இளைஞன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் ஒரு மனு எழுதிவிடுகிறான்.

அப்படிப்பட்ட வரைவுகள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். தகப்பனாரின் கடன், தாயாரின் நகை அடகுக்குப் போனது, பத்தாம் வகுப்பு மதிப்பெண், அப்துல் கலாம், சிறு வயது முதல் கண்டுவந்த கனவு, உலகத்தரம் வாய்ந்த தங்கள் கல்லூரி என்று அவை ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவனும் இல்லை.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: திருவிடந்தை நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் வாசலில் மாலைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி விண்ணப்பம் எழுதுகிறாள். (கல்யாணம் கூடிவர வேண்டுவோர் மாலை சாத்தி, பிரசாதமாகத் திரும்பப் பெற்றதைக் கழுத்தில் இட்டுக்கொண்டு ஒன்பது முறை வலம்வந்து, மணமான பின்பு காய்ந்த அந்த மாலையோடு தம்பதியாக மீண்டும் வருவது அத்தலத்து வழக்கம், தகுதிக்குக் காரணம் எழுதித் தரச் சொல்லாமலே விண்ணப்பத்தை ஏற்கும் சந்நிதி என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.) 'என் தந்தை ஓர் எளிய பூ வியாபாரி, இரவு பகல் பாராது உழைத்து என்னைப் படிக்கவைத்தார், அவர் படும் பாட்டைக் கண்டு சாதிக்க வேண்டும் என்ற உறுதி பூண்டேன்' என்பது அவளது முதல் வரைவு. இதில் தந்தை உழைக்கிறார், மகள் பார்க்கிறாள். கல்லூரி சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் தந்தையையல்லவா சேர்த்துக்கொள்ள வேண்டும்?

அதே பெண் வேறு விதமாகவும் எழுதலாம். விடியற்காலையில் கோயம்பேட்டிலிருந்து பூ வந்து இறங்குகிறது. கட்டிய மாலை மறுநாளைக்கு உதவாது. சனி ஞாயிறும் முகூர்த்த நாளும் போக மற்ற நாள்களில் சாயங்காலம் கடையில் மிஞ்சுவதைச் சில வாரங்கள் அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, சாதாரண நாள்களில் பாதி மாலை போதும் என்று தகப்பனாரிடம் வாதாடி ஜெயிக்கிறாள். அடுத்த வாரமே, யாரும் எதிர்பாராத ஒரு புதன்கிழமை, வெளியூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனங்கள் வந்து இறங்க, மாலை இல்லாமல் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மிஞ்சிய மாலையின் நஷ்டத்தை மட்டும் எண்ணிய தன் கணக்கு, வெறுங்கையோடு திரும்பியவரால் ஏற்பட்ட நஷ்டத்தை எண்ணவே இல்லை என்பதை அவள் அப்போது உணர்கிறாள். பிறகு, பூவில் ஒரு பங்கை உதிரியாகவே வைத்திருந்து, ஆள் வந்தால் கட்டித் தருவதற்குப் பக்கத்து வீட்டு அத்தையை மாலைக்கு இவ்வளவு என்று கூலி பேசி அமர்த்துகிறாள். எந்தக் கடைக்கு ஜனங்கள் போனார்களோ அந்தக் கடைக்காரரிடமே போய், பற்றாக்குறை வந்தால் மாலை கைமாற்றிக்கொண்டு இரவில் கணக்குத் தீர்த்துக்கொள்வதென்று ஏற்பாடும் செய்கிறாள். உபரிக்கும் பற்றாக்குறைக்கும் இடையே எவ்வளவு சரக்கு எடுப்பது என்ற இதே சங்கதியைத்தான் மேலாண்மைக் கல்லூரிகளில் 'பத்திரிகை விற்பவனின் பிரச்சினை' என்று பெயரிட்டுச் சூத்திரம் போட்டுக் கற்பிக்கிறார்கள். அப்பெண் அந்தச் சூத்திரத்தைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. வியாபார நோக்கு, தலைமை, வளர்ச்சி மூன்றுமே அந்த நோட்டுப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமலே, அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் பூ வீணானால் என்ன ஆகும் என்பது படிப்பவருக்குத் தெரிந்தும் விடுகிறது.

இப்படி எழுதுவது தமிழனுக்குப் புதிதா என்றால், இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் தாம் இறக்கும் வரையில் எழுதிவந்த தினப்படிக் குறிப்பில், வந்த கப்பல், போன சரக்கு, கவர்னர் சொன்னது, அதற்குத் தாம் சொன்னது என்று காரியங்களின் நடப்பையே கண்டவாறு பதிந்து வைத்தார். தற்பெருமை அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெருமைக்கும் தேதியும் சரக்கும் ஆளும் சாட்சியாகக் கூடவே நிற்கின்றன. இந்தச் சாட்சி இல்லாத இடத்தில்தான் 'நான் தலைமைப் பண்பு மிக்கவன்' போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன.

தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அழகல்லவே என்று கூசுகிறவர்களும் நம்மில் உண்டு. அந்தக் கூச்சத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆயினும் பவணந்தி முனிவரின் நன்னூல், தன்னைப் புகழ்தல் கூடாது என்ற பொது விதியைச் சொன்ன கையோடு, அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போதும், சபையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று விலக்கும் அளித்திருக்கிறது. முகம் தெரியாத தேர்வுக்குழுவுக்கு விண்ணப்பம் அனுப்புகிறவன் முதல் இரண்டு விலக்குகளுக்கும் ஒருங்கே உரியவன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கட்டுரையை நம்பி இடம் கொடுக்கும் இந்த முறையே நியாயமானதுதானா என்ற சந்தேகத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. அதன் பூர்வோத்தரம் அவ்வளவு சுத்தமானதன்று. 1920-களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை விட்டுக் 'குணநலத்தை' நிறுக்கத் தொடங்கியதற்கு, தேர்வில் முந்திய யூத மாணவர்களின் தொகையைக் குறைக்கும் நோக்கமும் ஒரு காரணம் என்பதை ஜெரோம் காரபெல் என்ற சமூகவியலாளர் 2005-இல் விரிவாக எழுதியிருக்கிறார். நம் மாநிலத்துக்கும் இதில் அனுபவம் உண்டு: மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணுக்கு 75 நேர்முகத்துக்கென்று ஒதுக்கியது அதிகம் என்று பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் அபிப்பிராயப்பட்டது, 2006-இல் நம் சட்டமன்றம் தொழிற்படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வையே ரத்துச் செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணில் அடங்காத எதையும் ஐயுறும் மனப்பான்மை நமக்கு வாய்த்திருப்பதற்குத் தக்க முகாந்திரம் இருக்கிறது. அதை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் பாஸ்டனிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிற விதியை நம் ஐயம் மாற்றப் போவதில்லை. 2023-இல் இனத்தைக் கருதி இடம் அளிப்பதைச் செல்லாதென்று தீர்த்த அமெரிக்க உச்ச நீதிமன்றமுங்கூட, இனத்தால் தன் வாழ்க்கைக்கு நேர்ந்ததை ஒரு மாணவன் கட்டுரையில் எழுதுவதைத் தடுக்கவில்லை. அதற்காகக் கிடைக்கும் அனுகூலம் அவனுடைய துணிவோடும் உறுதியோடும் தொடர்புற்றிருக்க வேண்டும் என்றே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குறிப்பிட்டார். நேர்ந்தது போதாது, அதற்கு நீ என்ன செய்தாய் என்பதுதான் அங்கும் கேள்வி.

கூலிக்கு எழுதித் தருகிறவர்களையும், இப்போது கேட்ட மாத்திரத்தில் எழுதித் தரும் யந்திரத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீதியை விட்டுவிட்டு லாபத்தை மட்டும் பார்த்தாலும் அது நஷ்ட வியாபாரம். அவை தருவது பிழையற்ற, மினுக்கிய மனுவைத்தான்; ஏனெனில் புதன்கிழமை வந்த பஸ் அவற்றுக்குத் தெரியாது, எழுதக் கொடுத்தவரும் சொல்லியிருக்க மாட்டார். நேர்முகத்தில் எதிரே அமர்ந்திருப்பவர், பக்கத்துக் கடைக்காரர் ஏன் சம்மதித்தார் என்று சாதாரணமாகக் கேட்டால், எழுதியவளுக்கு அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்; எழுதி வாங்கியவளுக்கோ நா வறண்டு போகும்.

ஆகவே என் யோசனை இது. செங்கற்பட்டு இராஜேசுவரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் இறுதியாண்டு மாணவர்கள், தாம் எடுத்த ஒரே ஒரு முடிவைப் பற்றி, அது பிழைத்ததையும் திருந்தியதையும் சேர்த்து, ஒரு பக்கம் எழுதிப் பழக வேண்டும். மேலாண்மைக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் வந்து அதைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். முதல் வரைவு தமிழில்தான் இருக்க வேண்டும். இதை மொழிப் பற்றினால் சொல்லவில்லை. ஆங்கில வரைவைத் திருத்துகிறவர் ஆங்கிலம் தெரிந்தவர். தமிழ் வரைவைத் திருத்தக்கூடியவர் அன்றைக்குக் கடையில் இருந்த அப்பா. 'பாதிப் பேர் இல்லையம்மா, நாலைந்து பேர்தான் போனார்கள்; கைமாற்று யோசனையும் அத்தை சொன்னதுதான்' என்று அவர் சொன்னால் மகள் அதைத் திருத்தி எழுதட்டும்; அத்தையின் யோசனையைக் காது கொடுத்துக் கேட்டவள் என்ற தகுதி அவளுக்கு மிஞ்சும், அது சிறிய தகுதியன்று. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் முதற்சுற்று விண்ணப்பங்களைச் செப்டம்பர் முதல் வாரங்களில் முடித்துவிடுவதால், முகூர்த்தமில்லாத ஆடி மாதத்திலேயே அப்பாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டிவிடுவது நல்லது.