வெயில் தணிந்த ஆண்டில் செய்ய வேண்டிய வேலை

2023-ல் வெயிலால் தமிழகப் பள்ளிகள் திறப்பது ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது. தொடக்க வகுப்புகளுக்கு 14. 2024-ல் ஜூன் 10. 2025-ல் மே 24-லேயே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது. கத்திரி வெயில் பல ஊர்களில் வழக்கம்போல் சுடவில்லை. ஜூன் 2 அன்று சொன்னபடி மணி அடித்தது. மொட்டை மாடியில் வடாம் காயவில்லை என்பதைத் தவிர வீடுகளில் நிம்மதிதான்.

அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை. ஒரு கோடை இளகினால் போதும், வகுப்பறையின் தகரக் கூரையையும் நிழலில்லாத மைதானத்தையும் மறந்துவிடுகிறோம். வெயில் உச்சத்தில் விடுமுறையை நீட்டலாம். அவசரமாக மரம் வளர்க்க முடியாது. இன்று நடும் வேம்பு நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே, தணிந்த ஆண்டிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கூரையைப் பற்றிக் கேளுங்கள்.