ஓடுதளம் அழிந்தும் ஓயாத விமானம்

பறவையைக் கண்டு மனிதன் பறக்க ஆசைப்பட்ட வரலாறு நெடியது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு உயரத்திலிருந்து பறந்தார் என்றும், வால் அமைக்கத் தவறியமையால் இறங்கும்போது காயமுற்றார் என்றும் கூறுவர். அவர் அணிந்த இறகுகள் இன்றில்லை. செய்தி மட்டும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அல்மக்கரீ என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஏடுகளைத் தேடிப் படித்துத் தம் நூலில் எழுதி வைத்தார். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெயர்த்தெழுதிக் காத்தமையாலேயே அச்செய்தி நம்மை வந்தடைந்தது.

அண்மையில் எம் கல்லூரி மாணவர் ஒருவர் இவ்வுண்மையை எனக்கு வேறொரு வகையில் நினைவூட்டினார். தம் தந்தையார் துபாயிலிருந்து கொணர்ந்து பல்லாண்டுகள் பேணிய நெகிழ்வட்டுகளுடன் கணினிக் கூடத்தில் மூன்று மாலைப்பொழுதுகளை அவர் செலவிட்டார். அவ்வட்டுகளில் இருந்தது, 1993இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 5.0 என்னும் விமானம் ஓட்டும் விளையாட்டு. அதனை இன்றைய கணினியில் ஓட வைப்பதே அவர் முயற்சி. அருகிருந்த பேராசிரிய நண்பர், "ஏன் தம்பி, புதியது கைக்கெட்டும் தொலைவில் இருக்க, இந்தப் பழையதற்கு இத்தனை பாடா? வீண்வேலை!" என்றார். அது வீண்வேலையா என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

அவ்விளையாட்டு ஏன் எளிதில் ஓடவில்லை என்பதை முதலில் காண்போம். நூலைப் படிப்போர்க்குக் கண்ணும் எழுத்தறிவும் போதும். கணினி நிரலுக்கோ அது எழுதப்பட்ட காலத்துப் பொறியே வேண்டும். இந்நிரல் டாஸ் என்னும் இயங்குதளத்தை நம்பி எழுதப்பட்டது. 640 கிலோபைட் என்னும் அடிப்படை நினைவக எல்லையை மதித்து நடந்த காலம் அது. அக்கால நிரல்கள் ஒலி அட்டையோடும் திரை அட்டையோடும் நேரடியாகவே பேசின. இன்றைய 64 பிட் விண்டோஸ் அந்த 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. செயலியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்ட பழைய விளையாட்டுகளும் உண்டு. புதிய பொறியில் அவை கட்டுக்கடங்காமல் பாயும்.

இவ்விடரைத் தீர்ப்பது, ஆர்வலர் சிலர் ஆக்கி 2002இல் விலையின்றி வெளியிட்ட டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளாகும். புதிய கணினிக்குள் பழைய கணினி ஒன்றை அது நடித்துக் காட்டுகிறது. செயலி, ஒலி அட்டை, திரை அட்டை யாவும் அங்கே பாவனையே. வேகத்தையும் வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம். நிரலும் தன் பழைய இல்லத்திலேயே இருப்பதாக எண்ணி இயங்குகிறது.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. புரூஸ் ஆர்ட்விக் என்பார் ஆப்பிள் 2 கணினிக்கு ஆக்கிய விமான விளையாட்டின் வழிவந்து, 1982இல் ஐ.பி.எம். கணினிக்கென மைக்ரோசாப்ட் வெளியிட்டதே இதன் முதற்பதிப்பு. பிற நிறுவனங்கள் ஐ.பி.எம். கணினியைப் போன்றே கணினிகளைச் செய்து விற்கத் தொடங்கியபோது, அவை உண்மையில் ஒத்தியங்குமா என்று சோதிக்க லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு மென்பொருளையும் இவ்விளையாட்டையும் ஓட்டிப் பார்த்தனர். அன்று பொறிகளுக்குத் தேர்வு வைத்த நிரல், இன்று தான் ஓடுவதற்குப் பிறர் துணையை நாடி நிற்கிறது.

மாணவர் முயற்சி வீணன்று என்பதற்கு ஓர் ஓடுதளமே சான்று. இவ்விளையாட்டின் பழைய பதிப்புகளைத் தொடங்கினால், விமானம் அமெரிக்காவின் சிகாகோ நகரில், மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மெக்ஸ் பீல்டு என்னும் சிறு விமான நிலையத்தில் நிற்கும். 1948இல் திறக்கப்பட்ட நிலையம் அது. 2003 மார்ச் 30ஆம் நாள் இரவில், மேயர் ரிச்சர்ட் டேலியின் ஆணைப்படி வந்த புல்டோசர்கள் அதன் ஓடுதளத்தில் பெருக்கல் குறி வடிவில் பெரும் பள்ளங்களைத் தோண்டிச் சிதைத்தன. அங்கு நின்றிருந்த விமானங்கள் உடனே புறப்பட வழியின்றி நின்றன. இன்று அவ்விடம் பூங்காவாக உள்ளது.

நேரில் சென்றாலும் அங்கிருந்து இனி எவரும் பறக்க இயலாது. எம் மாணவரோ மூன்றாம் நாள் மாலை அவ்வோடுதளத்திலிருந்தே எழுந்து ஏரியின் மேல் வட்டமிட்டார். கட்டடங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. நீர் வெறும் நீலப் பரப்பாக இருந்தது. ஆயினும் ஓடுதளம் இருந்தது. வீண்வேலை என்ற நண்பரும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். உலகில் அழிந்துபோன ஓரிடம் ஒரு நிரலுக்குள் எஞ்சியிருக்குமாயின், அந்நிரலை ஆவணம் என்றே கொள்ளல் வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இது புதிய பாடமன்று. ஓலையைச் செல்லரிக்கும்முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்களாலேயே நம் இலக்கியம் நமக்குக் கிடைத்தது. எனினும் ஏட்டைக் காப்பது மட்டும் போதாது என்பதை நம் சமுதாயம் நன்கறியும். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் இன்றும் சில இல்லங்களின் பரண்களில் உள்ளன. தாள் கெடவில்லை, மை மங்கவில்லை, எடுத்து ஓதிப் பொருளுரைக்கும் முதியோர்தாம் அருகிவிட்டனர். பேரப்பிள்ளைகள் அவற்றைத் தொட்டு முத்தமிட்டு மீண்டும் பரணில் வைக்கின்றனர். பெட்டியில் பூட்டிய நெகிழ்வட்டின் நிலையும் அதுவே. நிரலை ஓட வைப்பது, நூலை ஓதுவதற்கு ஒப்பாகும்.

புதிய பதிப்பே போதும் என்பார்க்கும் ஒன்று கூறுவேன். 2020இல் வெளிவந்த பதிப்பு உலகம் முழுவதையும், 37,000 விமான நிலையங்களையும் காட்டுகிறது. அதன் அழகை நானும் வியந்தேன். ஆனால் அந்நிலக்காட்சியின் நுணுக்கமெல்லாம் இணையவழியே தொலைவிலுள்ள கணினிகளிலிருந்து வந்து சேர்வன. வழங்குவோர் என்றேனும் அதனை நிறுத்திவிடின், மகனுக்கு எடுத்துக் கொடுக்கத் தந்தையின் கையில் முழுமையான படி எதுவும் இராது.

பேணுதல் என்ற பெயரில் களவு கூடாது என்பதையும் வற்புறுத்த விரும்புகிறேன். பிறர் உழைப்பை விலைகொடாமல் படியெடுத்துப் பரப்புவதை மார்க்கமும் ஏற்காது, சட்டமும் ஏற்காது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக நிரலைப் பெற்றவர் அது அழிந்துபோகாமல் காத்துக்கொள்ளக் காப்புப்படி எடுப்பதற்கு இடமளிக்கிறது. அந்த அளவோடு நிற்பதே நேர்மை.

எனினும் தனியொருவர் முயற்சியால் எல்லாவற்றையும் காத்துவிட முடியாது. 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளியாகும் நூல்களின் படிகள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் சென்று சேர வேண்டும். நூல்களையும் செய்தித்தாள்களையும் கருதி இயற்றப்பட்ட அச்சட்டத்தில் மென்பொருளுக்கு இடமில்லை. அமெரிக்காவில் நூலகங்களுக்குச் சில விலக்குகள் தரப்பட்டுள்ளன; ஆயினும் விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுகளை ஆய்வாளர் தொலைவிலிருந்தே பயன்படுத்த வேண்டப்பட்ட விலக்கு 2024இல் மறுக்கப்பட்டது. இந்நிலை மாற வேண்டும். விற்பனையை நிறுத்திய நிரலை நூலகத்திடம் ஒப்படைப்பது வெளியீட்டாளரின் கடமையாதல் வேண்டும்.

கல்லூரிகளும் தம் பங்கினை ஆற்றலாம். பழைய கணினிகளைக் கழிவுக்கு அனுப்பும்முன், ஒன்றையேனும் நெகிழ்வட்டு இயக்கியோடு நூலகத்தில் நிறுத்தி வைக்கலாம். தமிழ்த்துறைக்கும் இதில் கவலை உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேடுகள் பல, ஒருங்குறிக்கு மாற்றப்படாமையால், இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றுகின்றன. என் எம்.பில். ஆய்வேடும் அவற்றுள் ஒன்று. அதனை மீட்டுத் தருமாறு அம்மாணவரிடமே கொடுத்திருக்கிறேன்.

முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்றவை அமானிதம். உரியவர் வந்து கேட்கும் நாளில் எடுத்துக் கொடுக்கும் நிலையில் வைத்திருப்பவரே அமானிதம் பேணியவர் ஆவர்.