பெரிய கடையா, பழமுதிர் நிலையமா, அண்ணாச்சி கடையா... மளிகை பில்லில் எதை ஒப்பிட வேண்டும்?

வீட்டுக்கு வரும் அரிசி மூட்டை 25 கிலோவா, 26 கிலோவா என்று கவனிப்பவர்கள் குறைவு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவைத் தாண்டினால் வரி இல்லை. அவ்வளவுதான், தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்துவிட்டது. 1,500 ரூபாய் மூட்டைக்கு 75 ரூபாய் வரி. ஒரு கிலோவைக் கூடுதலாகப் போட்டதில் அது காணாமல் போனது.

'எந்தக் கடை மலிவு?' என்று கேட்பவர்கள் இந்த மூட்டையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கடையில் மூட்டை 1,560 ரூபாய், இன்னொரு கடையில் 1,575 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 ரூபாய் மிச்சம் என்று முதல் கடைக்கு ஓடத் தோன்றும். முதல் மூட்டை 25 கிலோ, இரண்டாவது 26 கிலோ என்றால் கணக்கு தலைகீழ்: முதல் கடையில் கிலோ 62 ரூபாய் 40 காசு, இரண்டாவதில் 60 ரூபாய் 60 காசுக்கும் குறைவு.

கடைகளை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முதல் படியிலேயே சறுக்குகிறது.

எம்.ஆர்.பி. யார் போட்டது?

பெரிய கடைகளின் பலகையில் இரண்டு விலை இருக்கும். எம்.ஆர்.பி. ஒன்று, அதை அடித்துவிட்டு 'எங்கள் விலை' இன்னொன்று. பிரபல கம்பெனி சோப்பு, பற்பசை என்றால் இந்தத் தள்ளுபடி உண்மையானது. ஏனென்றால் எம்.ஆர்.பி.யைப் போட்டது கம்பெனி, அது எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

ஆனால் பருப்பு, மிளகாய்த்தூள், முந்திரி போன்றவற்றைக் கடையே தன் பெயரில் பாக்கெட் போட்டு விற்கும்போது, அந்த எம்.ஆர்.பி.யைத் தீர்மானிப்பதும் கடைதான். துவரம் பருப்பில் 220 என்று தானே அச்சடித்து, தானே அடித்து, 149 என்று எழுதினால் வாங்குபவருக்கு 71 ரூபாய் லாபமா? பக்கத்துக் கடையில் அதே தரப் பருப்பு 145-க்குக் கிடைத்தால் 4 ரூபாய் நஷ்டம். இந்த வகைப் பொருட்களில் தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்கவே கூடாது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய் போன்றவற்றை முன்பு அரசு சொன்ன அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும். 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதித் திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம் எடை. இப்போது அதே உயரம், அதே நிறத்தில் 850 மில்லி பாக்கெட்டும் அலமாரியில் நிற்கலாம். லிட்டர் 140 ரூபாய், 850 மில்லி 135 ரூபாய் என்றால் இரண்டாவது மலிவு மாதிரி தெரியும். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் அது 158 ரூபாயைத் தாண்டுகிறது.

அதே திருத்தம் இதற்கு மருந்தையும் கொடுத்தது. ஒரு கிராமுக்கோ, ஒரு கிலோவுக்கோ, ஒரு லிட்டருக்கோ எவ்வளவு என்ற விலையையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் இருக்கும். கடைகளை ஒப்பிட அதைவிட நேர்மையான எண் வேறு இல்லை. அதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கலாம்!

மலிவு எங்கே, தரம் எங்கே?

2002-ல் மும்பையில் தொடங்கிய டிமார்ட் தமிழ்நாட்டிலும் கூட்டம் சேர்க்கிறது. அது குறைவாக விற்பதில் மாயமில்லை. பெரும்பாலும் சொந்தக் கட்டடம், அதனால் வாடகை இல்லை. சப்ளையருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைக்கச் சொல்கிறது. சலவைத்தூள், எண்ணெய், சோப்பு என்று மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கும் குடும்பத்துக்கு மிச்சம் உண்மைதான். பருப்பு வாங்கப் போனவர் பிளாஸ்டிக் டப்பா செட்டோடு திரும்பாமல் இருந்தால்!

காய்கறி வேறு கதை. கோயம்புத்தூரில் வளர்ந்து மாநிலம் முழுக்கப் பரவிய பழமுதிர் நிலையம் என்ற பெயரை இன்று சம்பந்தமே இல்லாத பல முதலாளிகளும் வைத்திருக்கிறார்கள். விலை சந்தையைவிடக் கூடுதலாக இருந்தாலும் அங்கே ஜனங்கள் போவதற்குக் காரணம், பொறுக்கி எடுக்கும் உரிமை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காதீர்கள் என்று போர்டு வைத்தாலும் ஒடிக்கிறார்கள். முற்றல் வெண்டைக்காய் பாதி குப்பைக்குப் போனால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கி என்ன பயன்? 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் விலை, தரம் இரண்டிலும் இன்றும் கைகொடுக்கின்றன. ஆனால் காலையிலேயே போக வேண்டும். எட்டு மணிக்கு ஆபீஸ் பஸ் பிடிப்பவருக்கு அது எட்டாக்கனி.

தரத்துக்காகவே கட்டிய வாடிக்கைக்கு நல்ல உதாரணம் நீல்கிரீஸ். 1905-ல் நீலகிரி மலையில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியது. ரொட்டி, வெண்ணெய், கேக் என்றால் அங்கேதான் என்று தலைமுறைகள் பழகின. 2014-ல் ஃபியூச்சர் குழுமம் அதை வாங்கியது. கடைக்குப் பெரிய முதலாளி வந்துவிட்டார் என்பதற்காக ரொட்டியின் ருசி கூடிவிடாது என்பதைப் பழைய வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கை என்றால் பாயின்ட் அல்ல

பில் போடும்போது 'மொபைல் நம்பர் சொல்லுங்க' என்பார்கள். சொன்னால் பாயின்ட் ஏறும். நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியது. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் சில ரூபாய் பெறும் பாயின்டுக்காக, வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்ற முழு விவரமும் கடையின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இதை வாடிக்கை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

விலையை மட்டும் வைத்து வாடிக்கை பிடிக்கலாமா என்பதற்குச் சென்னையே சாட்சி. 1997-ல் இங்கே தொடங்கிய சுபிக்‌ஷா, ஏ.சி. இல்லை, அலங்காரம் இல்லை, எம்.ஆர்.பி.யைவிடக் குறைவு என்று மளிகையும் மருந்தும் விற்றது. 2008-ல் நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள். 2009-ன் தொடக்கத்தில் சம்பளத்துக்கும் வாடகைக்கும் சப்ளையருக்கும் பணம் இல்லாமல் ஷட்டர் இறங்கியது. பத்து ரூபாய் குறைவுக்காக வந்தவர்கள், அடுத்த பத்து ரூபாய் குறைவு எங்கே என்று தேடிப் போனதில் ஆச்சரியம் என்ன?

வாங்குபவரே பங்காளி என்ற யோசனை இதைவிட ரொம்பப் பழையது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது 1904-ல். சிந்தாமணி, காமதேனு என்று கூட்டுறவு அங்காடிகள் பின்னாளில் ஊர் ஊராக வந்தன. இப்போது அவற்றின் அலமாரிகளில் தேர்வுக்கு அதிகம் இல்லை என்பது வருத்தமான விஷயம்.

இந்த ஒப்பீட்டில் எப்போதும் விடுபடுவது அண்ணாச்சி கடை. விலைப் பட்டியலில் அது தோற்கும். எண்ணெயில் லிட்டருக்கு ஐந்து ரூபாய் கூடவே இருக்கும். ஆனால் ஐந்து ரூபாய்க்குக் கடுகு கேட்டால் கிடைக்கும். பருப்பில் வண்டு இருந்தது என்றால் பில் கேட்காமல் மாற்றித் தருவார். எல்லாவற்றுக்கும் மேல், கணக்கு நோட்டு. ஐந்து லிட்டர் டின்னுக்கு ஆஃபர் என்பது மாதத்தின் முதல் தேதியில் கையில் ரொக்கம் இருப்பவருக்கான ஆஃபர். தினக்கூலிக்குப் போகும் வீட்டில், வேலை கிடைக்காத வாரத்தில் அந்த ஆஃபரால் அடுப்பு எரியாது. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைத்தாலும் உப்பு, புளி, காய்கறிக்கு யார் கடன் கொடுப்பது? எழுதிக்கொண்டு கொடுக்கும் அண்ணாச்சி வாங்கும் கூடுதல் ஐந்து ரூபாயை, வட்டி என்று எடுத்துக்கொண்டால்கூட அது ரொம்ப மலிவான வட்டி. அந்தக் கடை மூடினால் நஷ்டம் யாருக்கு என்பதை எந்த விலை ஒப்பீட்டு ஆப்பும் சொல்லாது.

அதனால் ஒரே கடைக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற அவசியம் வாங்குபவருக்கு இல்லை. சோப்பும் எண்ணெயும் பெரிய கடையில், காய்கறி கையால் பொறுக்கும் இடத்தில், அவசரத்துக்கு அண்ணாச்சி என்று பல வீடுகள் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருக்கின்றன.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள், வீட்டில் அதிகம் செலவாகும் பத்துப் பொருளை மட்டும் எடுத்து, கிலோ விலையைப் போட்டு, இரண்டு மாத பில்லை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பில்லை அன்றே போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. அடுத்த மாதம் எடுத்துப் பார்த்தால் அந்தத் தாளில் எழுத்து மங்கியிருக்கும்.