தொலைபேசி வைத்தியமும் கிராமத்தார் கடமையும்

சத்துவாச்சாரியில் குடியிருப்போருக்கு வைத்திய வசதியில் குறைவில்லை. ஜில்லா கலெக்டர் கச்சேரி இவ்வூரிலேயே உளது. வங்காளத்திலிருந்தும் நோயாளிகள் ரயிலேறி நாடிவரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சில மைல் தூரத்தில் இருக்கிறது. இதே ஜில்லாவில் அணைக்கட்டுத் தாலூகா மலைக்கிராமத்தாரோ, டாக்டரைப் பார்த்துத் திரும்ப ஒரு நாட் கூலியை இழக்கவேண்டியவராயிருக்கின்றனர். இக்குறையைப் போக்கவந்ததே தொலைபேசி வைத்தியம்.

இம்முறை நம் பக்கத்திற்குப் புதிதன்று. முன்னாளில் வடஆற்காட்டோடு சேர்ந்திருந்த சித்தூர்ச் சீமையின் அரகொண்டா கிராமத்தில், தூரத்திலுள்ள டாக்டர் நோயாளியைத் திரையிற் கண்டு பேசும் ஏற்பாட்டை அப்போலோ ஆஸ்பத்திரியார் 2000ஆம் வருஷத்திலேயே தொடங்கினர். இந்திய சர்க்கார் 2019இல் இ-சஞ்சீவனியை ஏற்படுத்தி, 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தபடியே டாக்டரைக் கலந்து கொள்ளவும் வழிசெய்தனர். இதற்குக் கட்டணம் கிடையாது.

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நீடித்த வியாதிகளுக்கு இது மிகவும் அனுகூலமானது. அளவைக் கேட்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டர் நேரில் இருக்கவேண்டுவதில்லை. நடவு நாளில் பண்ணையாளுக்கும், ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் அன்றைய கூலி மிஞ்சும்.

ஆயினும் கருவி மட்டும் வந்தாற் போதாது. புதிய விதையைப் பற்றித் துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு வந்தால், எந்தக் குடியானவரும் அதை விதைப்பதில்லை. அயல் வயலில் விளைவித்துக் காட்டி, ஐயம் எழும்போது அருகில் நிற்பவரையே அவர் நம்புவார். வைத்தியமும் அத்தகையதே. இரத்த அழுத்தத்தை அளந்து, டாக்டர் கூறியதைக் கிழவிக்கு விளங்கச் சொல்லி, மாத்திரையைக் கையிற் கொடுக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும். 5-8-2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பெண்கள் வீடுதோறும் சென்று செய்துவருவது இப்பணியே.

மற்றொன்றையும் மறத்தலாகாது. அவசர நோய்க்குத் தொலைவிலுள்ள டாக்டர் முதலுதவி சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்பதே 2020 மார்ச்சில் சர்க்கார் வெளியிட்ட விதி. அனுப்பினால் வர வழி இருக்கிறதா? 2023 மே மாதத்தில் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ஆஸ்பத்திரி சேருமுன் இறந்தது. வண்டி செல்லும் பாதையின்மையால் பெற்ற தாயே சடலத்தைச் சுமந்து மலையேறினாள். அங்கு வேண்டியிருந்தது பாதையேயன்றித் தொலைபேசியன்று.

ஆகவே நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை மூன்று:

1. துணைச் சுகாதார நிலையத்தில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் தடையின்றி இருக்கின்றனவா என்று பார்த்து, குறையிருப்பின் மேலதிகாரிகளுக்கு எழுதுக.

2. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துத் தண்டோராப் போட்டு, கைத்தொலைபேசி இல்லாதவரையும் அங்கு வரச்செய்க. பண்ணையாட்களுக்கு அன்று ஒரு மணி நேரம் கூலி பிடிக்காமல் விடுக.

3. கிராமசபையில் வைத்தியத்திற்கான கோரிக்கையோடு பாதைக்கான கோரிக்கையையும் சேர்த்தே தீர்மானம் செய்க.

மடை திறந்தாலும் வாய்க்கால் வெட்டாத வயலுக்கு நீர் ஏறாது. மடையைச் சர்க்கார் திறந்துவிட்டனர். வாய்க்கால் வெட்டுவது நம் கடமை.