பதுளையின் துயரத்தை விற்றது போதும்

2025 நவம்பர் இறுதி வாரத்தில் டித்வா புயலின் மழை ஊவா மலைகளில் கொட்டித் தீர்த்தது. லயக் காம்பராவில் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்த தோட்டத் தொழிலாளிக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இன்றிரவு இங்கே படுக்கலாமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டுமா? பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று பதுளை மாவட்டத்து ஊர்ப் பெயர்களைத் தமிழில் தட்டித் தேடியவரின் திரையில் வந்து விழுந்தவை "சற்றுமுன்", "பகீர் காட்சி", "கதறும் தாய்" போன்ற தலைப்புகள். சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்ட படங்கள். எந்த ஊர், என்றைக்கு எடுத்தது என்ற விபரமே இல்லாத வெள்ளம். இணையச் செய்தித் தளங்களையும் யூடியூப் சேனல்களையும் முகநூல் பக்கங்களையும் நடத்துகிறவர்களே, இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அந்தப் புயலில் நாடு முழுவதும் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதிக உயிர்களைப் பறிகொடுத்தவை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள். வீதிகள் அறுந்து, மலையக ரயில் பாதை சிதைந்து, ஊருக்கு ஊர் தொடர்பு அற்றுப்போன நாட்கள் அவை. அதே நாட்களில்தான் செயற்கை நுண்ணறிவில் செய்த வெள்ளக் காட்சிகளும் வேறெங்கோ எடுத்த பழைய காணொளிகளும் இலங்கைக் காட்சிகளாக உலவின. அவை பொய் என்று காட்டுவதற்கே உண்மை சரிபார்ப்பவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஒரு பொய்க்காட்சியால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். சமதரையில் இருப்பவருக்கு நட்டமில்லைதான். சரிவின் கீழே குடியிருப்பவர் இரண்டு தடவை பொய்யை நம்பி, மழையில் நனைந்து, பாடசாலை மண்டபத்தில் குந்தியிருந்துவிட்டு வீடு திரும்பினால், மூன்றாம் தடவை வருகிற உண்மையான சிவப்பு எச்சரிக்கையையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரிபார்க்காமல் போடும் இந்தப் பழக்கம் டித்வாவோடு வந்ததல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. அன்றைக்கே எண்கள் ஆடத் தொடங்கின. நூற்றுக்கு மேல் இறப்பு என்றார்கள். முந்நூறு பேரைக் காணவில்லை என்றார்கள். பிறகு அது 190 அளவுக்கு இறங்கியது. கடைசியில் இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் சேர்ந்து 40-க்கும் குறைவு என்று தெளிந்தது. முதல் எண்களை அதிகாரிகளே அள்ளி வீசினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவற்றைக் கேட்டதும் தலைப்பாக்கி, நிமிடத்துக்கு நிமிடம் ஏற்றிக்கொண்டு போனவர்கள் யார்? பிள்ளைகள் பலர் அந்நேரம் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். பாடசாலையின் வரவு இடாப்பையும் தோட்டத்தின் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டையும் பார்க்கும்வரை பொறுக்கிற செய்தி ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால், வெளியூரில் வேலைக்கு நின்ற மலையகப் பிள்ளைகள் எத்தனை பேர் தம் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று நினைத்துத் துடித்திருக்க மாட்டார்கள்?

அந்த எண் திருத்தப்பட்டபோது திருத்தம் எங்கே வந்தது? பழைய தலைப்புகள் அப்படியே கிடக்கின்றன. இன்றைக்குத் தேடினாலும் மீரியபெத்தை நூற்றுக்கணக்கில் சாகிறது.

எண்ணைவிட முக்கியமான செய்தி அங்கே இன்னொன்று இருந்தது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005-இலும் 2011-இலும் சொல்லியிருந்தது. சொல்லியும் ஏன் அகற்றவில்லை, மாற்றுக் காணி தர வேண்டியது கம்பெனியா அரசா, யார் கையெழுத்துக்காகக் கோப்பு காத்திருந்தது என்பதைத் துருவியிருக்க வேண்டும். தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் காலந்தள்ளிவிட்டு, 2016-இல்தான் புது வீட்டுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மறுபடி மண் சரிந்து லயங்கள் நொறுங்கின. அதே கேள்வி, அதே பதிலின்மை. கமராக்கள் மட்டும் மாறியிருந்தன.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் கெட்ட மனது ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். கருவியும் காசும் சேர்ந்து போடுகிற கணக்கு இது. யூடியூபில் விளம்பர வருமானம் தொடங்க 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். காணொளி 8 நிமிடத்தைத் தொட்டால் நடுவிலும் விளம்பரம் செருகலாம். இதனால்தான் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய மண்சரிவுச் செய்தி, சோக இசையோடு எட்டரை நிமிடம் இழுபடுகிறது. ஊர்ப் பெயரை ஐந்தாம் நிமிடம்வரை ஒளித்துவைக்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் உங்களுக்குக் காசு. ஊரில் இருப்பவருக்கு அது ஓடித் தப்பவேண்டிய நேரம்.

விளம்பரத்தின் விலையும் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. டொரன்டோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ஒருவர் பார்த்தால் வருகிற காசு, மடூல்சீமையில் ஒருவர் ரீலோட் போட்டுப் பார்த்தால் வராது. எனவே பதுளையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறீர்கள், பதுளைக்காரரிடம் பேசுவதில்லை. எந்த வீதி மூடியிருக்கிறது, எந்தப் பாடசாலையில் முகாம், நாளைக்குப் பிரட்டு (வேலைக்கு ஆள் பதிவு) உண்டா, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு அழைத்தால் தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் வெளிநாட்டில் பார்ப்பவருக்குத் தேவைப்படாது. தேவைப்படாததற்கு விளம்பரமும் இல்லை. நம் கண்டனத்தின் அடி இதுதான்: செய்திக்குள் நாங்கள் இருக்கிறோம், செய்தியைப் பெறுகிறவர்கள் பட்டியலில் இல்லை.

தொலைபேசியின் வடிவமும் இதற்குத் துணை போகிறது. நிமிர்த்திப் பிடித்த திரைக்குள் மலை அடங்காது, முகம்தான் அடங்கும். எனவே அழுகிற முகம் தேடி வருகிறீர்கள். ட்ரோனைப் பறக்கவிட்டாலோ மலை அடங்கிவிடும், ஆள் மறைந்துபோவார். பச்சைத் தேயிலையை அறுத்துக்கொண்டு இறங்கும் செம்மண், மேலிருந்து பார்க்க அழகாகக்கூட இருக்கும். அது எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயத்தின் தலைமாட்டில் நிற்கிறது என்பதை மேலே நிற்கும் கமரா சொல்லாது. தரையில் நின்று கேட்கிற ஆள்தான் சொல்ல வேண்டும், அந்த ஆளை அனுப்புவதற்குத்தான் உங்களுக்கு மனமில்லை.

உதவி வழங்கும் காணொளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து கிலோ அரிசியையும் ஒரு பால்மா பக்கெற்றையும் நீட்டிவிட்டு, வாங்குகிற தாயின் முகத்துக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடிக்கிறார்கள். "எத்தனை நாள் சாப்பிடவில்லை?" என்று கேட்கிறார்கள். குமர்ப்பிள்ளையின் முகத்தையும் லயத்தின் இலக்கத்தையும் உலகுக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளை மறுநாள் பாடசாலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு ஒருவருக்கும் இல்லை. 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில், உதவி என்ற பெயரில் இளம்பெண் ஒருவரை இழிவுபடுத்திய காணொளியால் மக்கள் கொதித்தெழ, யூடியூபர் ஒருவர் கைதானார். வடக்கில் எழுந்த கோபம் மலையகத்தில் எழவில்லை என்பதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தோட்டங்களுக்குள் வெளியாரை விடாத 1920-களில், பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரிபோல வேடமிட்டு உள்ளே போய்த் தொழிலாளரின் நிலையை அறிந்தார். பத்திரிகை நடத்தினார், அவர்களுக்காகவே எழுதினார், பிறகு அவர்களுக்குச் சங்கமும் கட்டினார். உள்ளே போவதற்கு அவர் பட்ட பாட்டையும், கதவே இல்லாத இன்றைய தோட்டத்துக்குள் நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அரசையும் நாம் விட்டுவிடவில்லை. அனர்த்த அறிவிப்புகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு டித்வா நாட்களில் பலமாக எழுந்தது. 1987-இல் வந்த 13-ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999-இல் பதுளை மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் பலவும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனமாயின. கால் நூற்றாண்டு கழிந்தும், உயிர் காக்கிற அறிவிப்பு ஒன்றைத் தமிழில் கேட்டு வாங்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

வருகிற எச்சரிக்கையும் பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு வருகிறது. தோட்டத்து மக்களுக்குத் தெரிந்தது தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான். அதைவிட மோசம், அது ஒரு படமாக வருகிறது. வட்ஸ்அப்பில் நாலு கை மாறுவதற்குள் எழுத்து மங்கிப்போகிறது, தேடினால் கிடைப்பதில்லை, எழுத்துக் கூட்ட முடியாத ஆத்தாவுக்கு அது வெறும் மஞ்சள் கட்டம். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய வேலைதான் இணையப் பதிப்பாளர்களுடையது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150-ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகோல். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிறங்களுக்கு அர்த்தம் அதுதான். சினிமா நட்சத்திரத்தின் விவாகரத்தை நாளுக்கு ஏழு தடவை சொல்கிறவர்கள் இந்த மூன்று எண்ணையும் மழைக்காலம் முழுக்கத் தினமும் ஒருமுறை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கருவியைப் பழிக்கிற பத்திரிகை அல்ல இது. 2018 ஒக்டோபர் 24-இல் 1,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டுக் கறுப்புடையில் காலிமுகத் திடலில் திரண்ட மலையக இளைஞர்களைச் சேர்த்தது எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் அல்ல, அவர்கள் கையிலிருந்த முகநூல். 2021-இல் கொரோனா முடக்கத்தில் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் பாறை ஏறிப் பாடம் படித்ததை உலகம் கண்டதும் தொலைபேசியால்தான். அதற்கும் முன்னால், 1990-களின் இறுதியில், கொத்மலை சமூக வானொலி ஒரு வேலை செய்தது. நேயர்கள் கேட்கும் கேள்விக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, ஊர் மொழியில் விளக்கி ஒலிபரப்பினார்கள். கணினியைத் தொட்டே பார்க்காதவருக்கும் இணையம் போய்ச் சேர்ந்தது. கேட்பவர் யார் என்று அந்த நிலையத்துக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கையில் அதைவிட நூறு மடங்கு வசதி இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம், கெஞ்சிக் கேட்கவில்லை. பிழையான செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு நகர்வதை நிறுத்துங்கள். நீங்கள் அழித்தாலும் கை மாறிப் போன பிரதிகள் தோட்டத்துக் குழுக்களில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பிழை எந்த இடத்தில், எவ்வளவு பெரிய எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அதே இடத்தில் அதே எழுத்தில் வரவேண்டும். எந்த வட்ஸ்அப் குழுக்களுக்கு முதலில் அனுப்பினீர்களோ அவற்றுக்கே மறுபடி அனுப்ப வேண்டும். காட்சி ஒவ்வொன்றிலும் தோட்டம், டிவிசன், எடுத்த தேதி, நேரம் இருக்க வேண்டும். இவை தெரியாவிட்டால் போடாதீர்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த படத்தை அனர்த்தச் செய்திக்குப் பயன்படுத்தவே கூடாது, மூலையில் சிறு எழுத்தில் குறிப்புப் போட்டால் சரியாகிவிடும் என்பது ஏமாற்று. சிறுவர்களின் முகமும் உதவி வாங்குவோரின் முகமும் வேண்டாம், ஏற்கெனவே போட்டவற்றையும் எடுத்துவிடுங்கள். எச்சரிக்கையைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும், டேட்டா குறைவாகத் தின்னும் குரல் பதிவாகவும் தாருங்கள்.

பத்திரிகையில் பிழை வந்தால் முறையிடுவதற்குப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு 2003 முதல் இருக்கிறது. உங்கள் தளத்தில் முறையிட ஒரு தொலைபேசி இலக்கமாவது உண்டா? பொறுப்பாசிரியரின் பெயராவது உண்டா? இதைச் சொல்லும்போது அரசாங்கம் தடியோடு ஓடிவர வேண்டாம். 2024-இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யனைப் பிடிக்குமுன் கேள்வி கேட்பவனைப் பிடிக்கும் என்ற அச்சம் நமக்கும் உண்டு. அந்தச் சட்டத்துக்குக் காரணம் தேடிக் கொடுக்கிறவர்களும் நீங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

மாவட்டச் செயலகத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்துக்கும் தோட்டக் கம்பெனிகளுக்கும் ஒன்று. ஆபத்தான லயங்களின் பட்டியலைத் தோட்டப் பெயரோடும் டிவிசன் பெயரோடும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள், கோயில் ஒலிபெருக்கியில் வாசியுங்கள், இணையப் பதிப்பாளர்களுக்கும் கொடுங்கள். அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் இது நடக்க வேண்டும். வெளியிட மறுக்கிற அலுவலகத்தின் பெயரையும், பட்டியல் கைக்கு வந்தும் போடாத தளங்களின் பெயரையும் இதே பக்கத்தில் அச்சிடுவோம்.