மேட்ச் டிக்கெட் ஆப்: யாருடைய வசதிக்கு?

ஃபுட்பால் மேட்ச் முடியும் முன்பே மாணவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய தலைவலி. அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபன் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்.

2019-ல் தீர்வாக வந்தது ஓர் ஆப். மேட்சுக்கு வந்தால் 100 பாயின்ட். நான்காவது குவார்ட்டர் வரை இருந்தால் இன்னும் 250. பாயின்ட் சேர்ந்தால் முக்கியமான பிளே-ஆஃப் டிக்கெட்டுகளில் முன்னுரிமை. மாணவர் மைதானத்தில்தான் இருக்கிறாரா? அதை போனின் லொகேஷன் சொல்லிவிடும்.

சிக்கல் என்ன?

காலி இருக்கை, பல்கலைக்கழகத்தின் பிரச்னை. மாணவரின் பிரச்னை வேறு: செப்டம்பர் வெயில், முதல் பாதியிலேயே முடிவு தெரிந்துவிடும் மேட்ச். இதையெல்லாம் பாயின்ட் சரிசெய்யாது. லொகேஷன் தர மாட்டேன் என்றால் பாயின்ட் போச்சு. அப்புறம் அது எப்படி விருப்பம் ஆகும்?

எப்படி மாற்றலாம்?

* வர முடியாவிட்டால் டிக்கெட்டை நண்பருக்கு உடனே மாற்றும் வசதி.
* நண்பர்கள் சேர்ந்து உட்கார, குரூப் புக்கிங்.
* கூட்டத்தில் நெட் திணறும். எனவே நெட் இல்லாமலும் திறக்கும் டிக்கெட்.
* வருகைக்கு கேட்டில் ஸ்கேன் போதும், லொகேஷன் வேண்டாம்.

மாணவரை உட்கார வைப்பது ஆப்பின் வேலை இல்லை. சுலபமாக உள்ளே வர வைத்தால் போதும்.